புளோரன்சில் ஆசாரமுள்ள யூத நண்பருடன் ஐந்து நாட்கள்: திட்டமிட உதவி தேவை

நடைவழி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். லண்டனில் என்னுடன் பல ஆண்டுகளாகப் பணிபுரியும் நண்பர் ஒருவர் தம் சமய நெறியை நாள்தோறும் வழுவாமல் கடைப்பிடிக்கும் யூதர். வரும் மே மாத நடுவில் ஒரு வியாழன் காலை தொடங்கித் திங்கள் மாலை வரை நாங்கள் இருவரும் புளோரன்ஸ் நகரில் தங்கப்போகிறோம். விமானச் சீட்டுகளை அவர் எடுத்துவிட்டார். நாள்வாரித் திட்டம் என் பொறுப்பு.

நான் எழுதிய முதல் திட்டத்தைப் பார்த்து அவர் சிரித்துக்கொண்டே பாதிக்கு மேல் அடித்துவிட்டார். சனிக்கிழமை முழுவதும் உஃபிசி அருங்காட்சியகம் என்று போட்டிருந்தேன். அன்று அவருக்குச் சபாத், ஓய்வுநாள். பேராலயத்தின் குவிமாடத்திற்கு 463 படிகள் ஏறலாம் என்று எழுதியிருந்தேன். அவர் தேவாலயத்துக்குள் நுழைவதில்லை. சாந்தா குரோச்சேயில் மைக்கேலாஞ்சலோ, கலிலியோ ஆகியோரின் கல்லறைகளும் அதே காரணத்தால் போயின. இரவுணவுக்கு நல்ல சைவ உணவகமாகப் பார்த்து வைத்திருந்தேன். சைவமாக இருப்பது மட்டும் போதாதாம்.

மிஞ்சியதைக் கூட்டிப் பார்த்தால் ஒன்றரை நாளுக்கான திட்டம்தான் தேறுகிறது. அந்த நகரை அறிந்தவர்களும் யூத நெறிநூல்களைப் படித்தவர்களும் இங்கே இருப்பதால் கேட்கிறேன். மற்ற நேரத்தில் என்ன செய்யலாம்? அவரைச் சங்கடப்படுத்தாமல் உடன் செல்ல, யூதனல்லாத நான் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

ஆர்னோக்கரை

நான் இந்நகரில் வசிப்பவள். முதலில் தங்குமிடத்தைச் சரிசெய்யுங்கள். அது சரியாக அமைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

யூதர்களின் பெரிய தொழுகைக்கூடம் ஃபரினி தெருவில், பேராலயத்திலிருந்து ஏறத்தாழ கால் மணி நேர நடையில் இருக்கிறது. வெள்ளி சூரியன் மறைந்தது முதல் சனி இரவு வரை அவர் வண்டியில் ஏறமாட்டார் என்பதால், இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் விடுதி பார்ப்பது நல்லது. மே நடுவில் இங்கே இரவு எட்டரை மணியளவில்தான் சூரியன் மறையும். சனிக்கிழமை சபாத் முடிய ஒன்பதரையைத் தாண்டிவிடும். பகல் மிக நீளமானது. அதற்கேற்ப மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

சபாத் அன்று அவர் மின்கருவி எதையும் இயக்கமாட்டார் என்பதால், விடுதியில் மின்னட்டை இல்லாமல் உலோகச் சாவியால் திறக்கும் அறையைக் கேளுங்கள். மேல்மாடி வேண்டாம், படியேறிச் செல்லக்கூடிய தளமாக இருக்கட்டும். பழைய கட்டடங்களில் இயங்கும் சிறு விடுதிகளில் கனமான பித்தளைக் குமிழ் கோத்த சாவியைத் தருவார்கள். வெளியே போகும்போது அதை வரவேற்பறையில் கொடுத்துவிட்டுப் போவதே வழக்கம். சபாத் அன்று எதையும் சுமக்காமல், சட்டைப்பையில் சாவிகூட இல்லாமல் நடக்க வேண்டியவருக்கு இந்தப் பழைய ஏற்பாடு மிகவும் பொருந்தும்.

தொழுகைக்கூட வாசலில் ஆயுதமேந்திய காவல் உண்டு. புதியவர்களிடம் அடையாள ஆவணம் கேட்பார்கள். ஆனால் சபாத் அன்று அவர் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு தெருவில் நடக்கமாட்டார். ஆகவே முன்கூட்டியே எழுதித் தெரிவித்துவிட்டு, வெள்ளி பகலிலேயே நேரில் சென்று ஆவணத்தைக் காட்டிவிடுங்கள். நீங்களும் தொழுகைக்குச் செல்ல விரும்பினால் அப்போதே கேட்டுக்கொள்ளலாம். தலையை மூடிக்கொள்ளவும், தொலைபேசியை அறையிலேயே விட்டுவிடவும் மறக்க வேண்டாம்.

நேர்ப்பேச்சு

தவறாக எண்ண வேண்டாம். தெருவுக்கொரு தேவாலயமும் சுவருக்கொரு மாதா ஓவியமும் உள்ள நகருக்கு, அவற்றைப் பார்க்கக்கூடாத ஒருவர் ஏன் போக வேண்டும்? கடற்கரைக்குப் போய்விட்டுத் தண்ணீரில் கால் வைக்கமாட்டேன் என்பது போல் இருக்கிறது.

ஏடுபுரட்டி

நேர்ப்பேச்சு கேட்பதில் உள்ள கேள்வி நியாயமானது. அது ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகள் பழையதும்கூட. மிஷ்னா என்னும் யூத நெறித்தொகுப்பில், சிலை வழிபாட்டைப் பற்றிய பகுதியில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. அக்கோ நகரில் அஃப்ரோடைட்டி தேவியின் சிலை நிற்கும் குளியலகத்தில் யூத அறிஞர் ரப்பான் கமாலியேல் நீராடிக்கொண்டிருக்கிறார். சிலைகளை விட்டு விலகச் சொல்லும் உங்கள் சட்டத்தோடு இது எப்படிப் பொருந்தும் என்று கிரேக்கர் ஒருவர் அவரை மடக்குகிறார். குளியலகத்தில் மறைநூலைப் பேசுவது முறையல்ல என்பதால் வெளியே வந்தபின் கமாலியேல் விடை சொல்கிறார்: நான் அவள் எல்லைக்குள் போகவில்லை, அவள்தான் என் எல்லைக்குள் வந்தாள், தேவிக்கு அணியாக இருக்கட்டும் என்று எவரும் குளியலகம் கட்டுவதில்லை, குளியலகத்துக்கு அணியாகத்தான் தேவியை வைத்திருக்கிறார்கள்.

உஃபிசியில் பொத்திச்செல்லியின் வீனஸ் முன்னால் நிற்கும் ஆசாரமுள்ள யூதர் இந்த விடையை நினைத்துக்கொள்ளக்கூடும், ஏனெனில் வீனசும் அஃப்ரோடைட்டியும் ஒருத்தியே. ஓர் உருவம் வழிபடுவதற்காக நிற்கிறதா, அழகுக்காக நிற்கிறதா என்பதே அங்கே அளவுகோல். அதனால்தான் பலர் அருங்காட்சியகத்துக்குப் போவார்கள், பூசை நடக்கும் தேவாலயத்துக்குள் போகமாட்டார்கள். கிறித்தவத்தைச் சிலை வழிபாடு என்ற வகையில் சேர்க்கலாமா என்பதிலேயே இடைக்கால அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருந்தது. மைமோனிடீஸ் சேர்த்தார், புரோவான்சைச் சேர்ந்த மெய்ரி பெருமளவு விலக்களித்தார். இன்றும் ஒரு ரபி (யூத சமய அறிஞர்) சொல்வதை இன்னொருவர் ஏற்பதில்லை. எனவே நடைவழி, அவர் எங்கே நுழைவார், எங்கே நுழையமாட்டார் என்பதை நூல் படித்து நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். அவரிடமே கேளுங்கள், அவர் தம் ரபியிடம் கேட்டுக்கொள்வார். உஃபிசியின் தொடக்க அறைகளில் உள்ள சீமாபுவே, ஜொத்தோ ஆகியோரின் பெரிய மாதா ஓவியங்கள் ஒருகாலத்தில் பலிபீடங்களின் மேல் இருந்தவை. அங்கே அவர் நடையை விரைவுபடுத்தினால் ஏன் என்று கேட்காமல் கூடவே நடந்துவிடுங்கள்.

மிஷ்னாவுக்கு விரிவுரையாக அமைந்த தல்மூது தரும் சிறு எச்சரிக்கைகள் இரண்டு இந்நகருக்கென்றே எழுதியவை போல் இருக்கும். வழிபாட்டு உருவத்தின் முன் காலில் முள் தைத்தாலும் காசு சிதறினாலும் குனிந்து எடுக்கக்கூடாது, பார்ப்பவருக்கு வணங்குவது போல் தோன்றும் என்பது ஒன்று. ஊர்களில் முகவடிவ ஊற்றுகளின் வாயில் வாய்வைத்து நீர் குடிக்கக்கூடாது, முத்தமிடுவது போல் இருக்கும் என்பது மற்றொன்று.

ஆர்னோக்கரை

ஆற்றுக்குத் தென்கரையில் ஸ்ப்ரோனே தெருமுனையில் அப்படியே ஒரு ஊற்று இருக்கிறது. மனித முகத்தின் வாயிலிருந்து நீர் வழியும். தினமும் அதைக் கடந்து போகிறேன், இனிமேல் தல்மூது நினைவுதான் வரும். சந்தையருகே உள்ள வெண்கலக் காட்டுப்பன்றியின் மூக்கைத் தடவினால் நல்லது நடக்கும் என்று சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நிற்பார்கள்; அதைப் பற்றி உங்கள் நண்பரிடம் நான் எதுவும் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

கல்லும்உளியும்

சனிக்கிழமையைப் பற்றிக் கவலைப்படுகிறீர்களே, உண்மையில் உங்களுக்கு வாய்த்த நல்ல நாளே அதுதான். சீட்டு வேண்டாம், பணம் வேண்டாம், பை சோதனை வேண்டாம், தேவாலயத்துக்குள் கால் வைக்கவும் வேண்டாம். இந்நகரின் சிறந்த சிற்பங்களில் பல தெருவில் நிற்கின்றன.

காலைத் தொழுகை முடிந்தபின் திருமுழுக்கு மண்டபத்தின் கிழக்கு வாசலுக்கு நடந்து போங்கள். கிபெர்த்தி 1425 முதல் 1452 வரை உழைத்துச் செய்த வெண்கலக் கதவுகள் அங்கே உள்ளன; சொர்க்கத்தின் வாசல் என்று பெயர். பத்துப் பலகைகளும் நாம் பழைய ஏற்பாடு என்று சொல்லும் பகுதியிலிருந்தே எடுக்கப்பட்டவை. உங்கள் நண்பர் அதைத் தனாக் என்பார், அவருக்கு அது பழையதும் அல்ல. ஆதாம் ஏவாள், காயீன் ஆபேல், நோவா, ஆபிரகாம், யாக்கோபும் ஏசாவும், யோசேப்பு, மோசே, யோசுவா, தாவீது, கடைசியில் சாலொமோனைக் காணவரும் சேபா நாட்டு அரசி. வெளியே இருப்பவை நகல்கள். மூலங்கள் பேராலயத்தின் பின்புறம் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு பலகையிலும் ஒரு கதையின் பல கட்டங்களை ஒரே வெளிக்குள் அடுக்கியிருப்பார். அந்தக் கதைகளில் பெரும்பாலானவற்றை வாரந்தோறும் தோரா (தனாக்கின் முதல் ஐந்து நூல்கள்) வாசிப்பில் கேட்டு வளர்ந்த ஒருவர் அருகில் நின்று வரிசைப்படுத்திச் சொன்னால், கலை வரலாறு படித்த எங்களைவிட நன்றாகச் சொல்வார்.

அங்கிருந்து சிஞ்ஞோரியா சதுக்கம். மைக்கேலாஞ்சலோவின் தாவீது 1504 முதல் 1873 வரை அங்கேதான் வெயிலில் நின்றார். இப்போது நிற்பது 1910இல் வைத்த நகல். சிலை விருத்தசேதனம் செய்யாதவராக இருக்கிறதே, யூத அரசர் எப்படி இப்படி என்று உங்கள் நண்பர் கேட்கக்கூடும். அதை நீங்களாகத் தொடங்க வேண்டாம்! பக்கத்துத் திறந்த மண்டபத்தில் செல்லினியின் பெர்சியஸ் முதலியவை கதவோ கட்டணமோ இல்லாமல் நிற்கின்றன.

பிறகு சாந்தா குரோச்சே. உள்ளே போக வேண்டாம், முகப்பைப் பாருங்கள். உச்சியில் பெரிய தாவீதின் நட்சத்திரம் பதித்திருக்கும். 1863இல் முடிந்த இந்த முகப்பை வரைந்தவர் அங்கோனா நகரத்து யூதரான நிக்கோலோ மத்தாஸ். இறந்தபின் இங்கேயே புதைக்கப்பட வேண்டும் என்று விரும்பினார். தேவாலயத்துக்கு உள்ளே இடமில்லை, வாசற்படியில் புதைத்தார்கள். அந்தப் படிகளில் உட்கார்ந்து மாலை வெயிலில் சதுக்கத்தைப் பார்ப்பது இந்நகரின் பெரிய இன்பங்களில் ஒன்று.

வெள்ளி காலையில் பர்ஜெல்லோவுக்குப் போங்கள். அது பழைய சிறைச்சாலை, தேவாலயம் அல்ல. தொனத்தெல்லோ, வெரொக்கியோ இருவரும் செய்த தாவீதுகள் அங்கே இருக்கிறார்கள். திருமுழுக்கு மண்டபத்தின் கதவு வேலைக்காக 1401இல் நடந்த போட்டிக்கு வந்தவற்றில் இரண்டு பலகைகள் எஞ்சியிருக்கின்றன. ஒன்று புரூனெல்லெஸ்கி செய்தது, மற்றொன்று கிபெர்த்தி செய்தது. இரண்டிலும் பொருள் ஒன்றே: ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப்போகும் கணம். கிபெர்த்தியின் பலகை எடை குறைந்தது, ஏறத்தாழ ஒரே வார்ப்பு. வெண்கலம் மிச்சமாகும் என்பதும் நடுவர்களைக் கவர்ந்திருக்கலாம் என்று எங்கள் வகுப்பில் சொல்வார்கள்.

நடைவழி

எல்லோருக்கும் நன்றி. ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்: அவர் கோஹேன், அதாவது ஆரோனின் வழிவந்த ஆசாரியர் மரபு. இதனால் ஏதாவது மாறுமா?

ஏடுபுரட்டி

மிகவும் மாறும். கோஹேன் இறந்தவர் உடலோடு ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாது, கல்லறையை மிதிக்கவோ அதன்மேல் குனிந்து நிற்கவோ கூடாது. யூதரின் கல்லறை என்றால் கட்டுப்பாடு இன்னும் கடுமை. நான்கு முழ தூரம் விலகி நிற்பார்கள். ஆகவே கல்லும்உளியும் மனம் வருந்தாமல் இருக்க வேண்டும்: மத்தாஸ் யூதர் என்பதாலேயே அந்தப் படிகள் இவருக்கு ஆகாது. முகப்பைச் சதுக்கத்தின் நடுவிலிருந்து பார்க்கட்டும். நகரை ஆண்ட மெதிச்சி குடும்பத்தின் கல்லறை மண்டபங்கள், எகிப்திய மம்மிகள் உள்ள தொல்லியல் அருங்காட்சியகம் ஆகியவற்றுக்கும் தம் ரபியைக் கேட்காமல் போகமாட்டார்.

கல்லும்உளியும்

வருத்தம் இல்லை, வியப்புதான். எத்தனையோ முறை அந்தப் படிகளில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டிருக்கிறேன். கலிலியோ அருங்காட்சியகத்தையும் ரபியைக் கேட்க வேண்டிய அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். தொலைநோக்கிகளுக்கு நடுவே கலிலியோவின் விரலையும் கண்ணாடிக் குமிழில் வைத்திருக்கிறார்கள்.

அடுப்படி

உணவைப் பற்றிச் சொல்கிறேன். கோஷர், அதாவது யூத உணவு விதிப்படி அமைந்த விருந்துகளுக்குச் சமையலறையில் வேலை செய்திருக்கிறேன். சைவம் என்றால் போதும் என்று நம்மவர் நினைப்பது இயல்பு. ஆனால் இத்தாலியப் பாலாடைக்கட்டிகளில் பல கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைப்பொருளால் உறைய வைக்கப்படுபவை. கீரைகளில் பூச்சி பார்க்க வேண்டும். பாத்திரம், அடுப்பு எல்லாமே கணக்கில் வரும். நகரம் கொண்டாடும் எலும்போடு கூடிய மாட்டிறைச்சித் துண்டு முதுகின் பின்பாதியிலிருந்து வருவது. யாக்கோபு மல்லுக்கட்டியபோது சுளுக்கிய தொடைநரம்பை நீக்கும் நுட்பம் அரிது என்பதால் இஸ்ரேலுக்கு வெளியே பெரும்பாலான யூதர்கள் பின்பாதியையே உண்பதில்லை. தெருவண்டிகளில் விற்கும் மாட்டு இரைப்பை ரொட்டியைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

ஃபரினி தெருவில் தொழுகைக்கூடத்தை ஒட்டி நெடுங்காலமாகக் கோஷர் சைவ உணவகம் ஒன்று உண்டு. நகரில் ஹபாத் என்னும் யூத சமய இயக்கத்தின் இல்லமும் உண்டு. சபாத் சாப்பாட்டுக்கு வியாழனுக்கு முன்பே சொல்லிப் பணமும் கட்டிவிடுங்கள், வெள்ளி மதியம் வாங்கிவிடுங்கள். உரித்துச் சாப்பிடும் பழங்கள் எந்தச் சந்தையிலும் கிடைக்கும்.

உங்களுக்கென்று ஒன்று. அவர் மேசையில் திறந்த கோஷர் மதுவை நீங்கள் எடுத்து ஊற்றாதீர்கள். யூதரல்லாதவர் கை பட்ட மது அவருக்கு விலக்கு. இது உங்கள் தூய்மையைப் பற்றிய தீர்ப்பு அல்ல. பிற தெய்வங்களுக்கு மது வார்த்த காலத்து விதி. மெவுஷால், அதாவது சூடாக்கிப் பதப்படுத்திய திராட்சை மது என்று புட்டியில் குறித்திருந்தால் இந்தத் தடை இல்லை. அதைப் பார்த்து வாங்கினால் இருவருக்கும் சங்கடம் இராது.

நேர்ப்பேச்சு

அப்படியானால் சனிக்கிழமை விளக்குப் போடுவது, பொத்தான் அழுத்துவது எல்லாம் நடைவழியின் வேலையா?

ஏடுபுரட்டி

அதுவும் கூடாது. தாம் செய்யக்கூடாத வேலையைச் செய்யும்படி யூதரல்லாதவரிடம் சொல்வதையும் ரபிமார் தடுத்திருக்கிறார்கள். ஆனால் அவர் தமக்காகச் செய்துகொண்டதன் பயனைப் பெறலாம். மிஷ்னாவில் இதற்கும் கமாலியேலின் கதையே வருகிறது: கப்பலிலிருந்து இறங்க யூதரல்லாத ஒருவர் சபாத் அன்று பலகை போட்டுக்கொண்டார், அது அவருக்காகவே போட்டது என்பதால் கமாலியேலும் மூத்தோரும் அதன் வழியே இறங்கினார்கள். எனவே நடைவழி, உங்களுக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் விளக்கைப் போடுங்கள், அவருக்காகப் போடாதீர்கள். அவர் குறிப்பாக ஏதேனும் சொல்லக் காத்திருப்பதுபோல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதும் வேண்டாம்.

ஆர்னோக்கரை

ஞாயிறன்று தொழுகைக்கூடத்தையே பார்வையிடச் செல்லுங்கள். சனிக்கிழமை தொழுகை நேரத்தில் நின்று நிதானமாகச் சுவரைப் பார்க்க முடியாது. சமூகத் தலைவராக இருந்த தாவீது லேவி தம் சொத்தை எழுதிவைத்துச் சென்றதால் 1874இல் தொடங்கி 1882இல் கட்டி முடித்தார்கள். பச்சையேறிய செம்புக் குவிமாடம், மூரிய பாணி, உள்ளே இடைவெளி விடாமல் வண்ணக் கோலம். செர்மானியர் அதை வண்டிக் கொட்டகையாக வைத்திருந்தார்கள். 1944இல் பின்வாங்கும்போது வெடிவைத்தார்கள். விடுதலைப் போராளிகள் பெரும்பாலான வெடிகளைச் செயலிழக்கச் செய்ததால் கட்டடம் தப்பியது. தோராச் சுருள்கள் இருக்கும் பேழைக் கதவில் துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்திய தழும்புகளை அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். 1966 நவம்பர் வெள்ளத்தில் ஆர்னோ ஆற்று நீர் உள்ளே புகுந்து சுருள்களையும் நூல்களையும் நாசப்படுத்தியது.

ரிபப்ளிக்கா சதுக்கத்தையும் விட்டுவிட வேண்டாம். காஃபிக் கடைகளும் குடைராட்டினமும் உள்ள அந்த இடத்தில்தான் நகரை ஆண்ட முதலாம் கோசிமோ 1571இல் யூதர்களை அடைத்த கெட்டோ இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எல்லாவற்றையும் இடித்துவிட்டு, பழைய நகர்மையம் நூற்றாண்டுக் கால அழுக்கிலிருந்து புதுவாழ்வு பெற்றது என்று வளைவின் மேல் பொறித்தார்கள், ஆண்டு 1895. அங்கே மனிதர்களை யார் அடைத்தார்கள் என்று அந்தக் கல்வெட்டு சொல்லவில்லை. எனக்கு அந்த வளைவைப் பிடிக்காது.

ஞாயிறு மாலை மைக்கேலாஞ்சலோ மேட்டுக்கு ஏறுங்கள். பேராலயத்தின் சிவப்புக் குவிமாடத்துக்கு வலப்புறம் சற்றுத் தள்ளிப் பச்சைக் குவிமாடம் தனியே தெரியும். இன்னொன்று: உஃபிசியும் தாவீதின் மூலச்சிலை உள்ள அக்கதேமியாவும் திங்களன்று மூடியிருக்கும். இரண்டையும் வியாழனுக்கும் ஞாயிறுக்கும் பகிர்ந்துவிடுங்கள்.

நடைவழி

சென்ற வாரம் திரும்பினோம். ஆலோசனை சொன்னவர்களுக்கு நடந்ததைத் தெரிவிப்பது கடமை.

உலோகச் சாவி தருவதாக எழுதியிருந்த விடுதி, போய்ச் சேர்ந்ததும் மின்னட்டையை நீட்டியது. வாக்குவாதத்தில் பயன் இருக்கவில்லை. நண்பர் பதற்றமின்றி வெள்ளி மாலை கதவின் தாழ்நாக்கின் மேல் ஒட்டுநாடாவை ஒட்டினார். கடவுச்சீட்டையும் பணத்தையும் வரவேற்பறைப் பெட்டகத்தில் வைத்தார். இருபத்தைந்து மணி நேரம் தாழில்லாத கதவு. அவர் நன்றாகத் தூங்கினார், நான்தான் தூங்கவில்லை.

சனிக்கிழமை கிபெர்த்தியின் கதவுகளுக்கு முன்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். ஏசா வேட்டைக்குப் போவதும் யாக்கோபு ஆசி பெறுவதும் ஒரே பலகையில் எங்கெங்கே இருக்கின்றன என்று அவர் விரலால் காட்டிக்கொண்டே போக, பக்கத்தில் நின்ற ஸ்பானியக் குடும்பம் அவரை வழிகாட்டி என்று நினைத்துக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டது. சாந்தா குரோச்சே படிகளுக்கு எட்டத்திலேயே நின்று அவர் மத்தாசுக்காக எபிரேயத்தில் ஏதோ மெல்லச் சொன்னார். வேறொரு நாள் உஃபிசியில் ஜொத்தோவை வேகமாகக் கடந்தார், வீனஸ் முன் நின்றார். நான் கமாலியேல் பெயரைச் சொன்னதும் வியந்து, யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். இந்த இழையைக் காட்டினேன், ஓர் எழுத்தும் அவருக்குப் புரியவில்லை.

வெள்ளி காலை பர்ஜெல்லோ. இரண்டு பலகைகளும் அருகருகே தொங்குகின்றன. எடையைப் பற்றியும் வார்ப்பைப் பற்றியும் இங்கே படித்ததை நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கேட்கவில்லை. ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப்போகும் அந்த அதிகாரத்தை ஒவ்வொரு காலையும் தொழுகையில் சொல்பவர் அவர். புரூனெல்லெஸ்கியின் தூதன் பாய்ந்து வந்து ஆபிரகாமின் மணிக்கட்டைப் பிடித்துவிடுகிறான். கத்தி கழுத்தில் பட்டுவிட்டது. கிபெர்த்தியின் தூதன் இன்னும் வானத்திலேயே இருக்கிறான், எவரையும் தொடவில்லை. தோராவில் தூதன் வானத்திலிருந்து "ஆபிரகாமே, ஆபிரகாமே" என்று கூப்பிடுகிறான், அவ்வளவுதான், கையைப் பிடிப்பதாக ஒரு சொல்லும் இல்லை என்றார். பிடித்து நிறுத்தினால் அது ஆபிரகாம் கேட்டு நிறுத்தியது ஆகாதே என்றும் சொன்னார். மறுபடி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். சபாத் சாப்பாட்டை ஒரு மணிக்குள் வாங்க வேண்டும் என்று நான் இரண்டு முறை நினைவூட்டிய பிறகுதான் நகர்ந்தார்.